வாய் வைக்கும் இடம்

மூன்றாவது மோட்டார் கருகியபோது
குட்டைக்கரையில் யாரும் சிரிக்கவில்லை.
ஹசான் மட்டும் மூக்கைச் சுருக்கி
"சாத்தே வாசம்" என்றான்.

பீடோரில் ஞாயிற்றுக்கிழமை.
ஈயம் தோண்டிய பள்ளத்தில் மழை நின்று குளமாகி,
அதில் செம்பனைகள் தலைகீழாய் நிற்கின்றன,
என் படகு போய்க் கலைக்கும் வரை.

எண்ணெய் ஆலையில் நான் பாய்லர்க்காரன்.
எட்டு மணி நேரம் கண்ணாடிக் குழாயில்
நீர்மட்டம் பார்க்கச் சம்பளம்.
என் படகு தண்ணீரில்லாமல் வெந்தது என்று
வீட்டில் எப்படிச் சொல்வது?
அமிர்தவல்லிக்குச் சொல்லாமலே தெரியும்.
மோட்டார் வாங்கிய ரசீதை
அரிசி டப்பாவில்தான் ஒளித்திருந்தேன்.

தப்பு சின்னது.
தண்ணீர் எடுக்கும் பித்தளைக் குழாயின் வாயைப்
படகின் நடுவயிற்றில் வைத்தேன்.
மெல்ல ஓட்டினால்
பக்கத்துத் துளையில் நூலாய் ஒழுகும்.
போதுமென்று நினைத்தேன்.

விசையை முழுதாய் அழுத்தியதும்
மூக்கைத் தூக்கியது,
மார்பைத் தூக்கியது,
வயிற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு
பின்பக்கத்தால் மட்டும் தண்ணீரைத் தொட்டது.
நிற்கையில் நனைந்திருந்த வாய்
பறக்கையில் காற்றைக் குடித்தது.
அறுபது மீட்டர்.
அப்புறம் சாத்தே.

சூ ஹோங் கடையில் பித்தளைக் குழாய்
ஓரடிக்குக் குறைத்துத் தரமாட்டான்.
மிச்சத்தில் இன்னும் நான்கு தப்பு செய்யலாம்.
இரண்டுதான் செய்தேன்:
புரொபெல்லருக்கு ஒட்டினாற்போல் வைத்தேன், இதழ் உரசியது.
தள்ளி வைத்தேன், நுரைதான் வந்தது.
பிறகு அதன் பின்னால், நட்டநடுவை விட்டு
ஒரு நகக்கண் விலக்கி,
சாய்வாய் அறுத்த வாயை
அது எறியும் தண்ணீருக்கு நேரே காட்டி
ஒட்டிவிட்டு உறங்கப் போனேன்.

இன்று விடவில்லை, கையிலேயே பிடித்திருந்தேன்.
படகு ஓர் அங்குலம் நகரவில்லை.
விசை தொட்டதும் பக்கத்துத் துளை சீறி
ஹசானின் கால்சட்டை நனைந்தது.
"படகு ஒண்ணுக்குப் போகுது!"
கொய்யா விற்கும் பெண்ணின் பையன்கள் கத்தினார்கள்.

ஆறு சுற்று. எதுவும் வேகவில்லை.

தூக்குச்சட்டியில் கோப்பியோடு வந்தவள்
சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு
"இதுக்கா மூணு மோட்டார்?" என்றாள்.
இதிலெல்லாம் வாய் வைக்காதே என்று
சொல்லியிருப்பேன், வேறொரு நாளில்.

கரைக்கு வந்த படகை அடக்கிப் பிடித்து
ஒழுகும் நூலில் விரல் வைத்தேன்.
வெதுவெதுப்பு.
அவளும் வைத்துப் பார்த்தாள்.
"குழந்தைக்கு ஊத்தலாம் போல இருக்கு"
என்றாள்,
விரலை எடுக்காமலே.