உயிர்க்குறி

நிமிடத்துக்கு நூற்றிருபது சொல்.
அந்த வேகத்தில் உயிர்க்குறி போட நேரமிருக்காது,
மெய்யை மட்டும் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும்.
ஆகவே என் நோட்டில்
நிதி, நீதி, நாதி மூன்றும்
ஒரே கோடு.
யார் பேசினார், எதைப் பற்றி என்று பார்த்து
சாயங்காலம் தட்டச்சில் பிரித்துக்கொள்வேன்.

விருத்தகிரியை முதலில் எழுதியது
அவருடைய முப்பத்தோராம் வயதில்.
தெற்குத் தொகுதி, சுயேச்சை, பூட்டுச் சின்னம்.
பிரமாணத்தில் 'இறையாண்மை' தடுக்கி
திரும்ப முதலிலிருந்து வாசித்தார்.
பேரவை வாசலில் சைக்கிளை நிறுத்தப் போக
சிவப்புத் தொப்பிக் காவலர்
'இது மெம்பருங்க வர்ற வழிப்பா' என்றாராம்.
அதையே கன்னிப் பேச்சாக்கினார்.
(சிரிப்பு) என்று எழுதினேன்.

அடுத்த வாரம் யாரும் சிரிக்கவில்லை.
'புயல் நிவாரணப் பட்டியலில்
பதினேழு பேர் செத்தவர்கள்.
செத்தவன் எந்தக் கடலில் வலை போடுகிறான்,
மாண்புமிகு அமைச்சர் சொல்வாரா?'
அன்றைய கோட்டை யோசிக்காமல்
நீதி என்று அடித்தேன்.
'திருடன்' என்றும் ஒரு சொல் வந்தது.
சபாநாயகர் நீக்கச் சொன்னார்.
நீக்கிய இடத்தில் மூன்று புள்ளி வைப்பது வழக்கம்.

அப்புறம்தான் அந்தப் பதினைந்துக்குப் பதினைந்து.
ஒரு தலை என்ன விலை என்று
நேரு வீதிப் பூக்காரிவரை தெரிந்திருந்தது.
ஈசிஆர் விடுதியில் நாலு நாள்.
ஐந்தாம் நாள் வெள்ளை வேனில் வந்திறங்கினார்,
நீச்சல் குளத்தில் கறுத்த முகத்தோடு.
மாலையில் அமைச்சர். மீன்வளம், கலால்.
மூன்றாம் வருடம் முதலமைச்சர்.
வேன் ஓட்டியவருக்கும்
ஏதோ ஒரு வாரியம் கிடைத்தது.

நல்லதும் செய்தார், சொல்லத்தான் வேண்டும்.
பாகூர்ப் பக்கம் மூன்று பாலம்,
பிள்ளைகளுக்குக் காலையில் பால்.
என்னைப் பார்த்தால்
'பிலோமின், நான் பேசுறதைவிட
நீங்க எழுதுறது தேவலை' என்பார்.
ராஜ்நிவாசுக்கும் பேரவைக்கும் நடுவில் ஒரு பூங்கா,
நடந்தால் நாலு நிமிடம்.
அவருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் முட்டிக்கொண்டதில்
ஒரு கோப்பு அதைக் கடக்கப் பதினோரு மாதம்.
பூங்காவில் வேர்க்கடலை விற்றவர் கேட்டார்,
'இன்னிக்காவது கையெழுத்து ஆச்சாம்மா?'

வருடங்கள் போகப் போக
கோட்டைப் பார்த்ததும் விரல் தானாக
நிதி என்று அடித்தது.
ஒருமுறை முதியோர் பென்ஷன் பேச்சில்
'நாதியற்றவர்களுக்கு' என்றதை
'நிதியற்றவர்களுக்கு' என்று அடித்துவிட்டேன்.
திருத்தப் பிரதி அவர் மேசைக்குப் போய் வந்தது.
அவரும் திருத்தவில்லை.

மச்சினன் பெயரில் வடிசாலை வந்தது.
சம்மன் வந்தது, நெஞ்சுவலி வந்தது,
ஜிப்மர் வாசலில் கேமராக்கள் வந்தன.
அடுத்த புயலும் வந்தது.
வெரோனிக் என்ற புது உறுப்பினர்,
குரல் இன்னும் அவைக்குப் பழகாதவர்,
ஒரு பட்டியலோடு எழுந்தார்:
'இதில் இருபத்திமூன்று பேர் செத்தவர்கள்.'

விருத்தகிரி அவரைப் பார்க்கவில்லை.
எதிர்க்கட்சி வரிசையைப் பார்க்கவில்லை.
கீழே, நடு மேசையில், என்னைப் பார்த்தார்.
பென்சில் முனை ஒடிந்தது.
அடுத்த பென்சிலை எடுப்பதற்குள்
இரண்டு வாக்கியம் போயிற்று.

ராஜினாமா அன்று தாள் இல்லாமல் பேசினார்,
பதினோரு நிமிடம்.
கடைசி வரியில்
'இந்த ஊரில் எனக்கு' வரை தெளிவாகக் கேட்டது,
அப்புறம் ஒரு சொல், அப்புறம் 'இல்லை'.
அந்தப் பக்கம் மேசை தட்டினார்கள்,
இந்தப் பக்கம் கத்தினார்கள்,
ஒலிப்பதிவிலும் அதேதான்.
நோட்டில் கோடு இருந்தது.
அதே கோடு.

ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும்.
நிதி என்று அடித்துப் பார்த்தேன், ஊர் சிரிக்கும்.
நீதி, அவரே சிரிப்பார்.
நாதி என்று அடிக்க எனக்கென்ன உரிமை?
சொல் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டு
பிரதியை அனுப்பினேன்.

மறுநாள் திரும்பி வந்தது.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து,
ஓரிடத்தில் காற்புள்ளிகூடச் சேர்த்திருந்தார்.
காலியிடம் காலியாகவே இருந்தது.

மூன்று புள்ளி வைத்தேன்.
யாரும் நீக்கச் சொல்லவில்லை.