சாக்குக் கழிவு

காரைக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து பானு வந்திருக்கிறாள்.
கையில் பதின்மூன்று கட்டம் போட்ட தாள், பென்சில், ரப்பர்.
முதல் கட்டம்: தனியாக வாழ்கிறார், யாரும் பார்க்க வேண்டியதில்லை.
கடைசிக் கட்டம்: கட்டி வைத்திருக்கிறார்கள்.
இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ
அ. காளைராசன், வயது நாற்பத்து நான்கு,
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
சட்டைப் பொத்தானை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"பகல்ல எத்தனை மணி நேரம் தனியா விடுவீங்க?"

மணி நேரமா.
குக்கரில் இரண்டு விசில் வரை விடலாம்.
மூன்றாவதற்கு எழுந்து வந்து அடுப்பைத் திருகுவார்.
அணைக்கத்தான் திருகுவார்,
எந்தப் பக்கம் என்பதுதான் கைக்கு மறந்துபோனது.
குளிக்க விடலாம், தாழ்ப்பாள் கழற்றிய கதவுக்குப் பின்னால்,
வெளியே நான் பாத்திரம் தேய்த்தபடி
தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால்.
கேட்பது பார்ப்பதில் சேருமா பானு?

எழுதுகிறாள். அழிக்கிறாள்.

"ராத்திரி?"

வாசற்படிக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறேன்.
வெளியே போக நினைத்தால் என்னை மிதித்துத்தான் போகவேண்டும்.
இரண்டு முறை மிதித்திருக்கிறார்.
இரண்டு முறையும் "மன்னிச்சிருங்க" என்றார்,
பஸ்ஸில் யார் காலையோ மிதித்தவர் மாதிரி.
அது தூங்கின நேரமா முழித்த நேரமா,
நீயே பார்த்து எதில் வேண்டுமோ கூட்டிக்கொள்.

"வேற யாரு பாத்துக்குவாங்க?"

நாலரையிலிருந்து ஆறு வரை கவிநிலா.
பதினோராம் வகுப்பு. வேதியியலை உரக்கப் படிப்பாள்,
அந்தக் குரல் ஓடும்வரை அவர் எழுந்திருப்பதில்லை.
பதினெட்டு வயது ஆகாதவர்களைச் சேர்க்கக்கூடாதாம்.
சரி, ஒன்றரை மணி நேரத்தைத் தள்ளு.

ரயில்வே கேட்டில் முத்துக்கருப்பன் இருக்கிறார்.
மாசத்துக்கு மூன்று தடவையாவது போன் வரும்:
"அவுக இங்கதான் நிக்கிறாக, பதறாம வாங்க."
போய்ப் பார்த்தால்
சுருட்டின பச்சைக் கொடியை அவர் கையில் கொடுத்து
பத்திரமாக நிற்க வைத்திருப்பார்.
சம்பளமும் கிடையாது, சொந்தமும் கிடையாது.
அந்த மனுசருக்கு ஒரு கட்டம் இருக்கிறதா?

புதுவயல் அரிசி ஆலையில்
பதினெட்டு வருஷம் எடை போட்டவர் இவர்.
கண்டனூர்த் திருப்பத்தில் மாட்டுக்கு ஒதுங்கிய பைக்.
ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது.
மூன்று ஆடி போய்விட்டது.
இப்போது இவரை நிறுக்கிறார்கள்,
என் நேரத்தைத் தராசில் போட்டு.

பானு கடைசியாக ஒன்பது என்றாள்.

"ஒம்போதா?"
நாற்காலியிலிருந்து குரல்.
"சாக்கக் கழிச்சிட்டீங்களா?"

இருவரும் திரும்பினோம்.

"வெறுஞ்சாக்கே அரைக் கிலோவுக்கு மேல வரும்.
கழிக்காம எழுதினா சீட்டு பொய்."
சொல்லிவிட்டு மறுபடி பொத்தான்,
விட்ட இடம் தெரியாமல் மேலிருந்து.

பானு என்னைப் பார்த்தாள்.
நான் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
என் பயமும் சேர்ந்துதான் அந்த ஒன்பது.
எனக்கு அது தெரியாமல் இல்லை.

அவள் போனாள். தூறல் போட்டது.
கொல்லையில் காய்ந்த மிளகாயை அள்ள ஓடினேன்.
முறம் நிறைந்து, பிறகு வாளி நிறைந்து,
வாசலில் பேச்சுக் குரல் கேட்டபோதுதான் உறைத்தது:
விசில் இல்லை, தண்ணீர்ச் சத்தம் இல்லை, வேதியியல் இல்லை.

ஓடி வந்தேன்.
மறந்து வைத்த குடைக்காக
பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்திருக்கிறாள் பானு.
வாசற்படியில் நின்று இவர் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்,
விரித்தே.

"பதினோரு நிமிஷம் ஆச்சுக்கா"
என்றாள் செல்போனைப் பார்த்து.
பைக்குள் இருந்த தாளை வெளியே எடுக்கவில்லை.
நானும் எடுக்கச் சொல்லவில்லை.
மிளகாய்க் கையால் கண்ணைத் தொட்டுத் தொலைத்தேன்.

ராத்திரி பாய் அதே வாசற்படிக்குக் குறுக்கேதான்.
ஓரத்தில் ஒரு பாதம் வைக்க மட்டும்
இடம் விட்டுப் போட்டேன்.