மூன்றாம் எதிரி

அங்கே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.
பெயர் சேதுவள்ளி. ஊர் சின்னப்பாலம்.
யாருக்கு எதிரி என்று முதல் வாய்தாவில் கேட்டேன்.
"அது சட்ட வார்த்தைம்மா, கையக் கட்டிட்டு நில்லு"
என்றார் குமாஸ்தா.
கட்டினேன்.
அப்போது கடைக்குட்டி வயிற்றில்.
இப்போது சம்மன் வந்தால்
அவன்தான் வாசித்துக் காட்டுகிறான்.

குருசடைத் தீவுக்குத் தெற்கே
இடுப்பளவுத் தண்ணீரில்
மரிக்கொழுந்துப் பாசி பிடுங்கியது குற்றம்.
பிடுங்கினேன்.
இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை,
கேட்டால்தானே சொல்ல.

கைப்பற்றிய பொருள்கள்:
கோணி ஒன்று, பாசியுடன், ஈரம்.
முகக்கண்ணாடி ஒன்று.
காலில் கட்டும் அலுமினியத் தட்டு இரண்டு.
விரலில் சுற்றியிருந்த கந்தலை எழுத மறந்தார்கள்,
அது விரலோடு வீட்டுக்கு வந்துவிட்டது.
காகிதத்தில் இன்னும் ஈரம் என்றே இருக்கிறது.
எலி தின்றது போக மிச்சம் உப்புத்தான் என்று
சிரிக்கிறார் கோர்ட் ஏட்டு.

முதலாம் எதிரி நம்புத்தாய் செத்து நாலு வருஷம்.
அதன் பிறகும் இரண்டு வாய்தாவுக்குக் கூப்பிட்டார்கள்,
வாசலில் நின்று, மும்முறை, அப்பன் பெயரோடு.
மூன்றாவது தடவை
நானே "வந்தேன்" என்று சொல்லிவிட இருந்தேன்.
இறப்புச் சான்றிதழுக்கு அவள் மகன் ஆறு மாதம் அலைந்தான்.
அதுவரை அவள்மேல் பிடியாணை இருந்தது.

இரண்டாம் எதிரி ராக்கு கொல்லத்தில் இறால் உரிக்கிறாள்.
ராத்திரி ரயிலில் வந்து,
ஜட்ஜ் லீவு என்று கேட்டுக்கொண்டு,
ராத்திரி ரயிலில் போகிறாள்.

பாசிக்கு நாள் உண்டு.
அமாவாசைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று,
பௌர்ணமிக்கும் அதே கணக்கு.
நீர் வற்றிப் பாறை முதுகு காட்டும்.
மற்ற நாளில் கேட்டாலும் கடல் தராது.
கோர்ட்டுக்கு நிலா கிடையாது,
டைரியில் விரல் விழுந்த இடம் தேதி.
எப்படியோ அது
வற்று நாளாகப் பார்த்துத்தான் விழுகிறது.

"வரலைன்னா முந்நூத்திப் பதினேழு போடணும், ஐந்நூறு" என்பார் வக்கீல்.
வந்தால் பஸ், டீ, ஒருநாள் பாசி.
எது நட்டம் குறைவு என்று
பாலத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் கூட்டிப் பார்ப்பேன்.
கீழே தூரத்தில்
முங்கி எழும்பும் ஊர்க்காரிகளின் தலைகள்.
ஒரு தலை குறைவது எனக்கு மட்டும் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை சாட்சி வந்தார்,
எங்களைப் பிடித்த வனக்காவலர் குருந்தையா.
ஓய்வு பெற்று, கண்ணில் புரை எடுத்து,
பச்சைக் கண்ணாடியோடு மண்டபத்தில் ஏறி
என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
சில்லறைக்கு அவரைக் கண்டக்டர் வைதபோது
நான்தான் இரண்டு ராமநாதபுரம் எடுத்தேன்.

"கோர்ட்டுக்கா தாயி? என்ன கேசு?"
"பாசி கேசு."
"எனக்கும் ஒரு பாசி கேசுதான்.
மூணு பொம்பளைக. மூஞ்சி ஒண்ணும் ஞாபகமில்ல.
ஒருத்தி மட்டும் மாசமா இருந்தா.
போட்டுல ஏற முடியல, கை குடுத்துத் தூக்குனேன்."
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

கூண்டில் ஏறியவரிடம்
எதிரிகளை அடையாளம் காட்ட முடியுமா என்றார் அரசு வக்கீல்.
கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
என் கை எப்போது வயிற்றுக்குப் போனதோ,
நான் வைக்கவில்லை.
அவர் வாய் திறந்தார்.

அப்போது எங்கள் வக்கீல் எழுந்து,
சங்கத்தில் தீர்மானம், மத்தியானத்துக்கு மேல் பணிப் புறக்கணிப்பு
என்று சொல்லி வெளியே போய்விட்டார்.
திறந்த வாய் அப்படியே இருக்க
வேறு கட்டை எடுத்தார்கள்.

திரும்பும்போது அவர்தான் சீட்டு எடுத்தார்.
உச்சிப்புளி வரைக்கும் பேசவில்லை.
மண்டபத்தில் படியில் கால் வைத்தபின் திரும்பி
"என்ன பிள்ளை?" என்றார்.
கண்டக்டர் விசில் ஊதிவிட்டான்.
"பன்னெண்டு நடக்குது" என்றேன்.