அடிக்குறிப்பு பதினான்கு

இரவு பஸ்சில் வந்த பார்சல்.
கந்தளாயில் மழையாம், ஒரு மூலை ஊறியிருந்தது.
நாற்பத்திரண்டு தவணைக் கட்டுரைகள்.
பெயர் இல்லை, சுட்டெண் மட்டும்.
நான் அவர்களை அறியக் கூடாது,
அவர்கள் என்னை.

பிரச்சினையை இனங்காணல் இருபது,
சட்ட மூலங்கள் முப்பது, வாதம் முப்பது,
மிச்சம் மொழிக்கும் மேற்கோள் ஒழுங்குக்கும்.
புள்ளித்திட்டத் தாளில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.
சிரிப்பு வந்தால் எங்கே போடுவது என்றுதான் இல்லை.

கேள்வி இதுதான்:
பத்து வருடம் தடையின்றி ஒருவன் காணியை ஆண்டால்
உறுதியைக் கையில் வைத்திருப்பவன் என்ன செய்யலாம்?
யாரோ ஒரு சீனியரின் பழைய நோட்ஸ்
விடுதி விடுதியாய்ப் போயிருக்கிறது.
ஒன்பது பேர் ‘தடியின்றி’ ஆண்டிருந்தார்கள்.

கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
மாலையில் கேற்றுக்குள் தலை நீட்டும்.
போன வருடம் ஒரு கட்டுரையின் நூற்பட்டியலைத் தின்றுவிட்டது.
சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுப்பதுபோல்
முழுப் புள்ளியும் போட்டேன்.

பிறகு, 2117.
‘இடம்பெயர்ந்தவருக்கு
வேலி நகரும் சத்தம் கேட்டிருக்க முடியாது’ என்று ஒரு வரி.
அதன் தலையில் பதினான்கு.
கீழே:
வாய்மொழி. என் தாயார். சாம்பல்தீவு. திகதி: பல நாட்கள்.

சிவப்புப் பேனை தானாகவே எழுதிவிட்டது,
‘ஆதாரம் போதாது.’

இப்போது எனக்கு அவளைத் தெரியும்.
அவள் என்றே முடிவெடுத்துவிட்டேன்,
அதற்கும் ஆதாரம் இல்லை.

போன செவ்வாய் மாவட்ட நீதிமன்றில்
என் சாட்சி யோக்கிம்
எல்லைப் பூவரசு எங்கே நின்றது என்று கைநீட்டிக் காட்டினார்.
கை காட்டிய பக்கம் ஒரு மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.
நீதிபதி குனிந்து பதிந்துகொண்டார்.
எதிர்த்தரப்பு எழுந்தபோது
வாய்மொழியும் சாட்சியம்தான் என்று
தொண்டை கிழியக் கத்தியவள் நான்.
அதே தொண்டை, அதே கிழமை.

பென்சிலால் அறுபத்தாறு போட்டேன்.

கொழும்பிலிருந்து இரண்டாம் பரீட்சகர் பர்வீன்.
பேசக் கூடாது, பேசினோம்.
“அம்மாவை மேற்கோள் காட்டியிருக்கே, பார்த்தீங்களா?
நான் ஐம்பத்திரண்டு.”
பின்னால் பிரஷர் குக்கர் விசிலடித்தது.

வித்தியாசம் பத்தைத் தாண்டினால்
கட்டுரை மூன்றாமவரிடம் போகும்.
அவரோ கால்புள்ளிகளை எண்ணுகிறவர்,
முப்பதுக்கு இறக்குவார்.
அழிரப்பரை எடுத்தேன்.
அறுபத்திரண்டு.
காப்பாற்றினேனா, ஒளிந்துகொண்டேனா,
அதற்குக் கட்டம் இல்லை.

‘ஆதாரம் போதாது’ என்பதைக் கீறிவிட்டு
‘திகதியைத் தெளிவாகத் தரவும்’ என்று எழுதினேன்.
எழுதியபின்தான் உறைத்தது,
பல நாட்கள் என்பதைவிடத் தெளிவாக
என்ன தருவாள்?

பார்சலைக் கட்டி, கோந்து தடவி, பஸ்சில் ஏற்றியாயிற்று.
மேசையில் ரப்பர்த் துருவல்கள்,
அவளுடைய நான்கு புள்ளிகள்.
உறுதி அவளிடம், ஆட்சி என்னிடம்.
பத்து வருடம் யாரும் வந்து கேட்காவிட்டால்
சட்டப்படி
எனக்கே சொந்தமாகிவிடும்.