சூடானால் மட்டும்

மூன்றாவது முறையாக நின்றது
குருபரப்பள்ளி தாண்டி, ஏற்றத்தில்.
பின்னால் பதினோரு கூடை சாமந்தி,
ஓசூர் ஏலம் ஐந்து மணிக்கு.
லாரிக்காரன் ஒருவன் ஹாரனில் வைத்த கையை
எடுக்கவே இல்லை.

அரை மணி நேரம் கழித்து
ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.
எனக்கு அதுதான் ஆத்திரம்.

பயாஸ் பாய் பிளக் மாற்றினார்.
அடுத்த வாரம் காயில்.
அதற்கடுத்து பெட்ரோல் பம்ப்: நான்காயிரத்து இருநூறு.
அவர் கெட்டவர் இல்லை.
அவர் கடைக்குப் போகும்போதெல்லாம்
ஆறிப்போய், நல்ல பிள்ளையாக நின்றது ஆம்னி.
பெங்களூரிலிருந்து திம்மராஜ் போனில் சொன்னது
எப்போதும் ஒன்றுதான்:
பேட்டரியா இருக்கும் பாரு.

ஞாயிறு மதியம், வேப்பனப்பள்ளி.
ஓடவிட்டுக் காத்திருந்தேன், எங்கேயும் போகாமல்.
முப்பத்தியெட்டாவது நிமிஷம் செத்தது.
லாவண்யா சாவியைத் திருப்ப
என்ஜின் சுற்றுகிறது, சுற்றுகிறது,
கழற்றிவைத்த பிளக்கின் நுனியில் ஒரு பொறி இல்லை.
ஆர்பிஎம் முள் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது.
சுற்றுவதைச் சொல்லவேண்டியவன்
சொல்லவில்லை.

மண்ணில் சாக்கு விரித்து, படுத்து, கையை விட்டேன்.
புல்லிக்குப் பக்கத்தில்
சுண்டுவிரல் நீளத்துக்கு கிராங்க் சென்சார்.
திம்மராஜ் விட்டுப்போன மீட்டரை வைத்தேன்:
திரையின் இடது ஓரத்தில் தனியாக ஒரு 1.
அந்தப் பக்கம் கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

சொம்புத் தண்ணீரை
அதன்மேல் மட்டும் ஊற்றினேன்.
1 அழிந்து 512 வந்தது.
வயரைச் செருகி, பிளக்கை மாட்டி, திருப்புடி என்றேன்.
பிடித்துக்கொண்டது.

சூடானா பேசாது, என்றாள் லாவண்யா,
அப்பா மாதிரி.

பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடினேன்.
ரொம்ப நேரம் தேடினேன்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா கடையில் எண்ணூற்றைம்பது,
டூப்ளிகேட் முந்நூறு. எண்ணூற்றைம்பதே வாங்கினேன்.
பழையது வர மறுத்தது,
ஓ-ரிங் பிய்ந்து பாதி உள்ளேயே ஒட்டிக்கொண்டது,
ஹேர்பின்னால் நோண்டி எடுத்தேன்.
கிளிப்பின் ஒரு காது உடைந்தது. டேப் சுற்றினேன்.
போல்ட் ஒன்றே ஒன்று.
இத்தனை வாரத்துக்கும்
போல்ட் ஒன்றே ஒன்று.

திங்கள் விடியலில் அந்த ஏற்றம் வந்தது.
வலது கால் தன்பாட்டுக்கு மரத்துக்கொண்டது.
வண்டிக்கு ஏற்றம் ஞாபகமே இல்லை.
சூளகிரியில்தான் மூச்சை விட்டேன்.

திரும்பும் வழியில் பயாஸ் பாய் கடை.
பழைய சென்சாரை மீட்டரில் கோத்து
அவருக்கு வந்திருந்த டீயில் முக்கினேன்.
512. 540. 571.
பிறகு அந்த 1.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
எடுத்து ஊதி ஆறவைத்து
இன்னொருமுறை அவரே முக்கினார்.

டேய், வேற டீ சொல்லு. ரெண்டு.

பம்பைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
டீ வரட்டும் என்று இருந்தேன்.