பெயர் நீக்கம்

மெல்போர்னில் செலஸ்டினா
சேலையில் எழுந்து நின்றாள்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற சத்தம்.
உறுதிமொழி ஒரு வார்த்தையும் போனில் விளங்கவில்லை.
முடிந்ததும் ஒரு தொட்டிச்செடியைத் தூக்கிக் காட்டினாள்:
"சும்மா குடுத்தாங்கண்ணா."

மாதக் கடைசி, ரேஷன் கடை.
"தங்கச்சி பேரை எடுக்கணும்."
"செத்துட்டாங்களா?"
"இல்லப்பா. அந்த நாட்டுக்காரி ஆயிட்டா."
மெஷினை மேலும் கீழும் தட்டிப் பார்த்தான்.
"சாவு, கல்யாணம். ரெண்டுதான் வருதுண்ணே."
பாமாயிலுக்கு நிற்பவர்கள் பின்னால் முனகினார்கள்.
முப்பத்தெட்டு வயசு.
எந்த மாப்பிள்ளை போட்டோவுக்கும்
தலையாட்டாதவள்.
"கல்யாணம்னே போடு" என்றேன்.

அரை கிலோ குறைந்த பையோடு
கல்மண்டபம் வரை நடந்தேன்.
அம்மாவிடம் எதை முதலில் சொல்வது,
சர்க்கரையையா
கல்யாணத்தையா.