யூனிட்

நாங்கள் இருப்பது ஏழாம் யூனிட்.
எரிப்பதும் யூனிட்தான்.
சாட்ஸ்வொர்த்தில் விலாசம் சொன்னாலே
கரண்ட் நினைவுக்கு வந்துவிடும்.

கடையில் நான் விற்பதும் அதையே:
காசை வாங்கிப் பொத்தானை அமுக்கினால்
இருபது எண்கள் அச்சாகி வரும் சீட்டு.
யார் வீட்டில் மாதக் கடைசி எப்படி என்று
கோயில் ஐயருக்கும் பாஸ்டருக்கும் தெரியாது,
எனக்குத் தெரியும்.
முந்நூறு ராண்டுக்கு வாங்குகிறவர்கள்
சீட்டைப் பார்க்காமல் பையில் போடுவார்கள்.
இருபதுக்கு வாங்குகிறவர்கள்
ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படிப்பார்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது.
பல்பெல்லாம் மாற்றியாயிற்று.
கதவடியில் பழைய துண்டு சுருட்டி வைத்தாயிற்று.
பருப்புப் பானையைக் கொதி வந்ததும் இறக்கிக்
கம்பளியில் சுற்றிக் கட்டிலில் கிடத்தினேன்.
"யார் பெத்த பிள்ளை இது" என்றான் குபேன்.
நன்றாகத்தான் வெந்தது.

மிச்சம் இருந்தது கீசர்.
நூற்றைம்பது லிட்டர்.
யாரும் குளிக்காத நடுப்பகலிலும்
யாருக்கோ வெந்நீர் வைத்தபடி
கூரைக்குள் கிடந்தது.

மே மாதம் ஒரு ஞாயிறு
மெயினை அணைத்துவிட்டு
நெற்றியில் டார்ச் கட்டி ஏறினேன்
(குபேனுக்கு இடுப்பு வலி. எலி பயமும்).
தூசி. பல்லி முட்டை ஓடுகள்.
குரங்கு எப்படியோ கொண்டுவந்து போட்ட மாங்கொட்டை.
ஒட்டு வீடு, இரண்டு குடும்பத்துக்கு ஒரே கூரை.
நடுச்சுவர் மேலே வந்ததும்
செங்கலுக்கே சலித்துவிட்டது போல
முழங்கால் உயரத்தில் நின்றிருந்தது.
அதை ஒட்டிப் படுத்திருந்தது கீசர்.
தொட்டேன்.
காய்ச்சல்காரன் நெற்றி.

வெள்ளிப் போர்வையை இழுத்துக் கட்டினேன்.
குழாய்களுக்கு நுரைச் சட்டை.
அறுபத்தைந்தில் இருந்த முள்ளை
அறுபதில் நிறுத்தினேன்.
ஜூனில் நாற்பத்தொரு யூனிட் குறைந்தது.
காலண்டரில் எழுதி வட்டம் போட்டேன்.

ஜூலையில்தான் கேட்டது.
இரவு பத்து மணிக்கு மேல்
சுவருக்கு அந்தப் பக்கம்
இஸ்திரிப் பெட்டி இறங்கும் சத்தம்,
ஈரத்தின் மேல் அது விடும் பெருமூச்சு.
ரோகினி படையாட்சி.
இரண்டு பையன்கள்,
ஆளுக்கு ஒரே ஒரு ஸ்கூல் சட்டை.
எப்போதோ சொல்லியிருக்கிறாள்:
"எங்க பாத்ரூம்ல ஒரு மூலை எப்பவும் சூடா இருக்குக்கா.
ராத்திரி துவைச்சுப் போட்டாலும் காலைல காஞ்சிடும்.
என்ன மாயமோ."
வீட்டுக்கு வீடு ஒரு மாயம் என்று
சிரித்துவைத்தேன் அன்று.

வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தாள்.
எப்போதும் இருபது. அன்று நாற்பது.
ஐந்து ராண்டுக் காசுகள் எட்டை
வரிசையாக அடுக்கி வைத்தாள்.
"என்னமோ ஓடுதுக்கா இந்த மாசம்."
சீட்டில் இருந்த எண்களை
நான்கு நான்காகப் பேனாவால் பிரித்துக் கொடுத்தேன்.
அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.
என் மீட்டரில் குறைந்தது
எங்கும் போய்விடவில்லை;
ஒரு செங்கல் தள்ளி
ஓடிக்கொண்டிருந்தது.

மறு ஞாயிறு கத்திரியோடு ஏறினேன்.
சுவர்ப்பக்கம் மூன்று ஓரம் வெட்டி
ஜன்னல் கதவு போல மடித்துவிட்டேன்.
கீழிருந்து குபேன் குரல்: "என்ன செய்றே?"
"போர்வை பத்தலை."

ஆகஸ்டில் பன்னிரண்டு யூனிட் ஏறியது.
எழுதினேன். வட்டம் போடவில்லை.
பத்து மணிக்கு மேல் சுவர் சும்மா இருக்கிறது.
அவள் இருபதுக்குத் திரும்பிவிட்டாள்,
ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று
என்னைக் கேட்கவில்லை.

டிசம்பர் போனஸ் வந்தால்
சோலார் போடலாம் என்கிறான் குபேன்.
தகடு மட்டும்தான் கூரைமேல்,
டேங்க் பழையபடி உள்ளேதானாம்.
எந்தப் பக்கம் வைப்பது என்று
அளக்க ஆள் வரப்போகிறான்.
நான் ஏற்கெனவே
பார்த்து வைத்திருக்கிறேன்.